மாமி ஒப்படைத்துப் போன ஆர்க்கிட்

பூ என்றால் சாயங்காலத்துக்குள் வாடிவிடும். ஒன்பது வயது வரைக்கும் எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. எங்கள் வீட்டின் பிழைப்பே அந்த வாட்டத்தோடு போட்டி போடுவதுதான். அப்பா விடிவதற்கு முன்பே கோயம்பேடு பூச்சந்தைக்குப் போய் மல்லி, முல்லை, கனகாம்பரம் என்று உதிரிப்பூ வாங்கி வருவார். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில், மாட வீதி திரும்புகிற இடத்தில், ஒரு பலகையும் ஒரு பெரிய குடையும்தான் எங்கள் கடை. அம்மா அங்கே உட்கார்ந்து கட்டுவாள். கட்டக் கட்ட விற்றுவிட வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த மல்லியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதனால் பலகை ஓரத்தில் எப்போதும் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கும். அம்மா நாலு கண்ணி கட்டுவாள், கையை நனைத்துப் பூவின் மேல் ஒரு தெளி தெளிப்பாள். பேசிக்கொண்டே தெளிப்பாள். பக்கத்துக் கடைக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டும் தெளிப்பாள். அப்பா அந்தப் பக்கம் வந்தால் அவரும் ஒரு கை தெளித்துவிட்டுத்தான் நகர்வார். நானும் நடக்கப் பழகியதிலிருந்து தெளித்துக்கொண்டிருந்தவன்தான். எங்கள் வீட்டில் யாருடைய விரலும் முழுசாகக் காய்ந்து நான் பார்த்ததில்லை.

மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் ஒரு மாமி இருந்தார். தனியாகத்தான் இருந்தார். தினமும் காலையில் அம்மா அவர் வீட்டுக்கு இரண்டு முழம் சரமும் பூஜைக்கு உதிரிப்பூவும் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். மாமி கதவைப் பாதி திறந்து பூவை வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். ஆனால் பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிறு கதவை முழுக்கத் திறந்து, "ரெண்டு பேரும் உள்ள வாங்கோ" என்றார்.

உள்ளே ஒரு சின்ன அறை. ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் திரை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் வாழ்க்கையில் முதல் தடவையாக, வியர்க்காமல் நிற்கும் செடிகளைப் பார்த்தேன். மேசை மேலும் கம்பியில் தொங்கியும் பத்துப் பன்னிரண்டு ஆர்க்கிட் தொட்டிகள். ஒன்றிலும் மண் இல்லை. கரித்துண்டும் ஓட்டுத்துண்டும்தான் இருந்தன. வேர்கள் தொட்டிக்குள் இருக்க மனசில்லாமல் வெளியே வந்து, வெள்ளி நிறத்தில், விரல் விரலாகக் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. மண்ணில்லாமல், வீட்டுக்குள்ளே, வேரை வெளியே விட்டுக்கொண்டு ஒரு செடி எப்படி உயிரோடு இருக்கிறது என்று வாயைத் திறந்தபடி நின்றேன். அம்மாவும் அப்படித்தான் நின்றாள். இருபது வருடமாகப் பூவிலேயே இருப்பவள்.

விஷயம் இதுதான். மாமியின் மகள் அமெரிக்காவில் இருந்தார். அவருக்குத் தலைப்பிரசவம். மாமி ஆறு மாதம் போய் இருந்துவிட்டு ஆகஸ்டில்தான் திரும்புவார். மற்ற செடிகள் எல்லாம் அடையாறில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போகின்றன. ஒன்றே ஒன்று மட்டும் மொட்டு விட்டிருந்தது.

"இத கார்ல ஆட்டிண்டு அடையாறு வரைக்கும் போனா மொட்டெல்லாம் கொட்டிடும். பொண்ணு மொத சம்பளத்துல எனக்கு வாங்கிக் குடுத்தது. உங்க வீடு பக்கந்தானே, நடந்தே எடுத்துண்டு போயிடலாம். நாள் பூரா பூவோடயே இருக்கறவ நீ. உன்கிட்ட இருந்தா நிம்மதியாப் போவேன்" என்றார் மாமி.

அம்மா நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். "குடுத்துட்டுப் போங்க மாமி. எம்புள்ள மாதிரி பாத்துக்கறேன்."

மாமி செய்ய வேண்டியதை எல்லாம் சொன்னார். வாரத்துக்கு ஒரே நாள்தான் தண்ணீர். தொட்டியோடு பத்து நிமிடம் தண்ணீரில் வைத்து, எடுத்து, நன்றாக வடிய விட வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, உப்பு. கீழ்வீட்டு ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாட்ச்மேன் பிடித்து வைத்திருப்பார், அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வெயில் நேராகப் படக் கூடாது. கடைசியாக, இலைகளுக்கு நடுவே இருக்கும் குருத்தைத் தொட்டுக் காட்டி, "இங்க மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி நிக்கப்படாது, கேட்டயா?" என்றார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பூக்காரிக்கே பாடமா என்று உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது.

எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு அடுப்படியும்தான். செடியை எங்கே வைப்பது என்று அன்று முழுக்கப் பேச்சு. கடைசியில் ஜன்னலுக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியைத் துடைத்து அதன் மேல் வைத்தோம். திரைக்கு அப்பாவின் பழைய வேட்டி.

நாலாம் நாள் காலை முதல் மொட்டு விரிந்தது. மல்லி விரிவதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அது அவசரமாக விரியும், உடனே கெட்டுவிடும். இது அப்படி இல்லை. காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம் என்று நிதானமாகத் திறந்தது. மறுநாள் பார்த்தால் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைப் பூ. பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்து, பறக்க மறந்துவிட்டது போல இருந்தது. நடுவில் மஞ்சளாக ஒரு சின்ன நாக்கு. இரண்டு வாரத்தில் ஒரே தண்டில் ஏழு பூ.

சந்தில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். என் மாமாவும் வந்தார். அம்மாவின் தம்பி. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கொட்டகையில், கல்யாண மேடைக்குப் பூ அலங்காரம் செய்கிற வேலை அவருக்கு.

"இன்னாக்கா, பிளாஸ்டிக்கு பூவெல்லாம் வாங்கி வெச்சிக்கினு கீற?" என்று ஒரு இதழைக் கிள்ளப் போனார்.

அம்மா அவர் கையில் ஓர் அடி போட்டாள். "உசுரோட கீதுடா. கைய எடு."

மாமா குனிந்து பார்த்தார். பிறகு செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து மறுபடி பார்த்தார். "ஊதா கலர்ல பொட்டிப் பொட்டியா வரும், நாங்க மேடைல குத்துவோம். அதெல்லாம் வெட்டுன பூவு. செடியோட இப்பத்தான்க்கா பாக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டுக்கு வர அவருக்கு ஏதாவது வேலை இருந்தது.

எங்களுக்கு அதிசயம் அது அழகாக இருந்ததில் இல்லை. வாடவில்லை என்பதுதான் அதிசயம். பத்து நாள் ஆயிற்று. இருபது நாள் ஆயிற்று. அதற்குள் எங்கள் பலகையில் எத்தனை கூடை மல்லி வந்து, பழுத்து, குப்பைக்குப் போயிருக்கும். முதல் பூ முதல் நாள் இருந்தபடியே இருந்தது. நான் தினமும் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

"நம்ம மல்லிக்கும் இத கொஞ்சம் சொல்லிக் குடேன். நாம நாலு நாள் நிம்மதியா தூங்கலாம்" என்று அப்பா அந்தப் பூவிடமே கேட்டார்.

அதற்கு வாசனை இல்லை என்பதும் எங்களுக்கு ஒரு மாதம் வரை தெரியாது. முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது என்பதால் எங்கள் வீட்டில் யாரும் எந்தப் பூவையும் முகர மாட்டோம். எதிர்வீட்டு அக்காதான் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லியே" என்றாள். அம்மா பூவை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். வாசனை இல்லாமல், சாயங்காலம் வாடாமல், தலையில் வைக்காமல், சாமிக்கும் போகாமல் ஒரு பூ சும்மா பூத்துக்கொண்டிருக்க முடியும் என்பது அவளுக்குப் புதுசு.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்குத் திருவிழா. வாட்ச்மேனிடம் ஏசித் தண்ணீர் வாங்கி வருவது என் வேலை. அதை ஒரு வாளியில் ஊற்றித் தொட்டியை வைப்போம். வெள்ளி நிறத்தில் இருந்த வேர்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறும். ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்வது போல ஒவ்வொரு வேராக அந்தப் பச்சை நகர்ந்து போகும். பத்து நிமிடமும் நான் கண்ணை எடுக்க மாட்டேன்.

ஏப்ரல் வந்தது. எப்படிப்பட்ட ஏப்ரல் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்விசிறி அடுப்புக் காற்றை வீசியது. வீட்டில் கட்டிவைத்த சரங்களுக்கு நான் தண்ணீர் தெளித்துவிட்டு வருவேன், கை ஈரமாக இருக்கும். எதிரே இது நிற்கும். வீட்டில் எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டு ஒருத்தரை மட்டும் பார்க்க வைப்பது போல எனக்கு இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் என்று மாமி சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அது குடிக்கிற தண்ணீர். இது வெயிலுக்கு. இரண்டு விரலால், இரண்டே சொட்டு தெளித்தேன். மறுநாளும் தெளித்தேன்.

ஒரு நாள் காலை மூன்று பூ கீழே கிடந்தன. மறுநாள் இன்னும் இரண்டு. அம்மா நடு இலையை லேசாகத் தொட்டாள். அது வெண்ணெயில் செருகியிருந்தது போலக் கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பாகக் கூழ். எங்கள் வீட்டில் யாரும் எந்தச் செடியிலும் உணர்ந்திராத ஒரு நாற்றம் வந்தது. இலையைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு தண்ணி வுட்டது?"

அப்பா மேலே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "வெயிலு என்னா போடு போடுது பாரு. ரெண்டு சொட்டுதான்" என்றார்.

நான் அழ ஆரம்பித்தேன். நானும் ரெண்டு சொட்டுதான் என்றேன். வாசலில் நின்ற மாமா தலையைச் சொறிந்துகொண்டு, "நானும் வரும்போதெல்லாம் லைட்டா ஒரு தபா..." என்றார்.

அம்மா திட்டுவாள் என்று மூன்று பேரும் காத்திருந்தோம். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும்தான். காலைல ஒரு தபா, மத்தியானம் ஒரு தபா. தெளிக்கிறோம்னே தெரியல, தெளிச்சிட்டுப் போறேன்" என்றாள்.

இப்படி நாலு பேரும் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் அன்பு காட்டியிருந்தோம். எல்லாம் குருத்தில் போய் நின்றிருந்தது.

அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அடையாறுக்குப் போனாள். அங்கே சாலையோரம் செடி விற்கிறவர் ஒருவர் பார்த்துவிட்டு, "குருத்தே அழுகிப் போச்சும்மா. இனிமே மேல வளராது. வேற வாங்கிக்கோ" என்றாராம். அம்மா வேறு வாங்கவில்லை. அதையே திரும்பக் கொண்டுவந்தாள். அழுகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மஞ்சள் தூளை வைத்து அழுத்தினாள், எங்களுக்கு முட்டியில் அடிபட்டால் வைப்பது போல. கீழே தடித்த இலைகள் இரண்டு மட்டும் மிச்சம். நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பொருள். என் பிள்ளை மாதிரி என்று சொன்ன வாய். மாமி வந்து கேட்டால் எந்த முகத்தோடு நிற்பது என்ற நினைப்பு அம்மாவை விடவில்லை. கண்ணால் பார்க்காமலே கட்டுகிறவள், அந்த மாதம் கட்டிய சரத்தை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். வீட்டுக்குள் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இரண்டு கையையும் புடவைக்குள் சுற்றிக்கொண்டு போனாள்.

மே மாதக் கடைசியில், பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, அந்தச் செடியின் அடியில் பச்சைப்பயறு ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எடுத்துப் போடலாம் என்று குனிந்தேன். அது பயறு இல்லை. செத்த தண்டுக்கும் வேருக்கும் நடுவிலிருந்து எதுவோ முட்டிக்கொண்டு வந்திருந்தது. நான் தொடவில்லை. மறுநாள் அதன் முனை பிளந்தது. அதற்கும் அடுத்த நாள், என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் இலை. அதற்கு எதிரே இன்னோர் இலையின் தொடக்கம். அவ்வளவு பளபளப்பான பச்சையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தண்ணீர் கொடுத்தபோது செத்ததும், விட்டுவிட்டபோது பிழைத்ததும் என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. கத்திக் கூப்பிடக்கூடத் தோன்றாமல், போய் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அம்மா பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "குட்டி போட்டுக்கீது" என்றார். அன்றைக்கு மதியம் அம்மா ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

ஜூன் முதல் வாரம் கடையில் உட்கார்ந்திருந்தோம். மாமி வீட்டு வாட்ச்மேன் வந்தார். அம்மாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். தெளிக்கப் போன அம்மாவின் கை அப்படியே நின்றது. அவர் போன பிறகு என்னிடம், "மாமி வந்துட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னாள். ஆகஸ்டில்தானே வருவதாக இருந்தது என்றேன். அம்மா சொம்பை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த சரத்தை எடுத்தாள்.

மாமா ஒரு வழி வைத்திருந்தார். தி.நகரில் ஒரு வரவேற்பு முடிந்த மண்டபத்திலிருந்து, அதே போல ஒரு வெள்ளை ஆர்க்கிட்டைத் தொட்டியோடு கேட்டு வாங்கி வந்துவிட்டார். "ஏழு பூவு. எண்ணிப் பாத்துக்கினுதான் எடுத்தாந்தேன். இத குடுத்துட்டு வா. இன்னா தெரியப் போவுது?"

வேறு நாளாக இருந்தால் அம்மா அந்தத் தொட்டியை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பாள். அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அவங்க இப்ப கீற நெலமைல செத்த செடிய எப்படிடா கொண்டு போயி நீட்டுவேன்" என்றாள். பழைய செடியைப் பெட்டிக்குப் பின்னால் நகர்த்தினாள்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. பொய் என்பதால் இல்லை. புதுச் செடியில் பூதானே இருந்தது, அதை யார் வேண்டுமானாலும் பார்த்திருப்பார்கள். செத்ததிலிருந்து முளைத்து வந்த அதிசயத்தை மாமிக்குக் காட்டாமல் எப்படி? ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அதை எடுத்துப் பூப்பையில் சரத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டேன். அம்மா கவனிக்கவில்லை. அவள் கவனமெல்லாம் கையில் இருந்த ஏழு பூவில் இருந்தது.

மாமி கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். கூடத்தில் பெட்டிகள் கட்டிய கயிறு அவிழ்க்காமல் நின்றன. செடி அறை காலியாக இருந்தது. நான் சாக்லேட்டைத் தேடினேன், குழந்தையின் போட்டோவைத் தேடினேன். இரண்டும் எங்கேயும் இல்லை. அம்மா தொட்டியை மேசையில் வைத்தாள். மாமி ஒரு பூவை விரலால் லேசாகத் திருப்பி அதன் நாக்கைப் பார்த்தார். இந்தப் பூவின் நாக்கில் சிவப்புக் கோடு இருந்தது. மாமியுடையது வெறும் மஞ்சள்.

"நன்னா பூத்திருக்கே" என்றார்.

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பையிலிருந்து எடுத்து நீட்டினேன். "அது மாமா மண்டபத்துலேர்ந்து எடுத்தாந்தது, மாமி. உங்களுது இதுதான். அம்மாச் செடி செத்துப் பூட்ச்சு. ஆனா பாப்பா பொழச்சிக்கிச்சு. பாருங்க, இங்க."

"டேய்" என்றாள் அம்மா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மாமி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார். அந்தக் குட்டி இலையை ஒரு விரலால் தொட்டார், தொட்டது தெரியாதபடி. பிறகு அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. அம்மா சட்டென்று முட்டி போட்டு உட்கார்ந்து, தன் கையைப் புடவையில் துடைத்து, அந்த இலைக்கு மேலே குடை மாதிரி பிடித்தாள். மாமியின் கண்ணீர் அம்மாவின் புறங்கையில் விழுந்துகொண்டிருந்தது.

"மாமி, ஏமாத்தணும்னு இல்ல மாமி..." என்றாள் அம்மா.

"தெரியும்மா" என்றார் மாமி. பிறகு, "இது இங்கயே இருக்கட்டும். பூத்திருக்கறத நீ எடுத்துண்டு போ" என்றார்.

திரும்பி வரும்போது முதுகில் எப்போது அடி விழும் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். விழவே இல்லை. மாமி ஏன் அழுதாங்க என்று கேட்டேன். "சந்தோஷம்டா" என்றாள் அம்மா. நான் நம்பினேன். பெரியவர்களைக்கூட அழ வைக்கிற அளவுக்குச் சந்தோஷம் ஒரு நகத்தளவு இலையில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான் என்பதையும் சேர்த்துத்தான்.

மாமியின் மகளுக்குப் பிறந்த குழந்தை நாலு நாள்தான் இருந்தது. வாட்ச்மேன் அன்றைக்குக் கடைக்கு வந்து சொன்னது அதைத்தான். எனக்கு அது தெரிய வரும்போது எனக்கு மீசை முளைத்திருந்தது.

செடியைக் கொடுத்துவிட்டு வந்த அடுத்த ஞாயிறு மந்தைவெளிக்குப் போகிற வழியெல்லாம், அமெரிக்காப் பாப்பாவுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டே போனேன். அவள் நடையை எட்டிப் போட்டாள். சரி, நான் மாமியையே கேட்டுக்கறேன் என்றேன். மாடிப்படிக்குக் கீழே அம்மா நின்றாள். என் தோளிலிருந்த பூப்பையை வாங்கிக்கொண்டு, "நீ இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுத் தனியாக ஏறிப் போனாள். மூன்று மாடி ஏறினால் எனக்குக் கால் வலிக்கும் என்றுதான் விட்டுவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.